சட்டைப்பையில் ஒரு சாட்சி!

*ரகசிய ஒலிப்பதிவு... எதுவரை உரிமை, எங்கே குற்றம்?*

1960. பம்பாயில் ஒரு மாநகராட்சி எழுத்தரின் வீடு. முன்னறையில் இரண்டே பேர். ஒருவர் அந்த எழுத்தர். இன்னொருவர், காரியம் முடிய அவருக்கு லஞ்சம் கொடுக்க வந்தவர். புத்தகங்களுக்குப் பின்னால் ஒரு மைக் ஒளிந்திருக்கிறது. டேப் ரிகார்டர் உள்ளறையில் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே போலீஸார் பதுங்கியிருக்கிறார்கள். வந்தவருக்கு இது எதுவும் தெரியாது. சகஜமாகப் பேசுகிறார். பேசிய ஒவ்வொரு சொல்லும் நாடாவில் ஏறுகிறது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த நபருக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பதிவைத் தூக்கி எறிய முடியாது என்று 1967-ல் தீர்ப்பு வந்தது. ஒரு சம்பவத்தைப் புகைப்படம் எடுப்பதற்கும் ஒரு பேச்சை நாடாவில் பிடிப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது நீதிபதிகளின் பார்வை.

அன்றைக்கு ஒரு பேச்சைப் பிடிக்க மைக், ரிகார்டர், போலீஸ் படை எல்லாம் தேவைப்பட்டன. இன்றைக்குச் சட்டைப்பையில் கிடக்கும் செல்போன் போதும். மாமியார் மருமகள் சண்டை, மேலாளரின் மிரட்டல், வட்டிக்காரரின் வசவு, தாலுகா அலுவலகப் பேரம் என்று எல்லாமே பதிவாகின்றன. வக்கீல் அலுவலகங்களுக்கு வருகிறவர்கள் ஆவணக் கட்டுக்கு முன்னால் செல்போனைத்தான் எடுத்து மேசையில் வைக்கிறார்கள். அடுத்து வரும் கேள்வி, “இது கோர்ட்ல செல்லுமா சார்?”

2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு இந்தக் கேள்வி இன்னும் சத்தமாகக் கேட்கிறது. வாழ்க்கைத் துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது அந்தத் தீர்ப்பு. பலரும் அதை, ‘இனி யாரை வேண்டுமானாலும் ரகசியமாகப் பதிவு செய்யலாம்’ என்று புரிந்துகொண்டார்கள். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. ஒரு பதிவு சாட்சியமாகுமா என்பது ஒரு கேள்வி. அந்தப் பதிவை எடுத்தது சட்டப்படி சரியா என்பது வேறு கேள்வி. நம் நீதிமன்றங்கள் அறுபது ஆண்டுகளாகப் பெரும்பாலும் முதல் கேள்விக்கே பதில் சொல்லி வருகின்றன. இரண்டாவது கேள்விக்கு முழுமையான பதில் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை.

பேச்சில் நீங்கள் இருக்கிறீர்களா?

சட்டத்தின் சிக்கலை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், முதல் கோடு இங்கேதான் விழுகிறது.

இரண்டு பேர் பேசுகிறார்கள். அதில் ஒருவர் நீங்கள். மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்கிறீர்கள். அதை மட்டுமே குற்றம் என்று சொல்லும் சட்டப்பிரிவு இந்தியாவில் கிடையாது. இதற்கு அடித்தளம் போட்டது 1972-ல் தீர்ப்பான ஆர்.எம்.மல்கானி வழக்கு. பம்பாயில் சந்தேக மரணங்களை விசாரிக்கும் கரோனர் பதவியில் இருந்தவர், ஒரு மருத்துவரிடம் லஞ்சம் கேட்டார். மருத்துவர் லஞ்ச ஒழிப்புப் போலீஸுக்குப் போனார். அவருடைய சம்மதத்தோடு அவருடைய தொலைபேசியில் டேப் ரிகார்டர் இணைக்கப்பட்டது. தந்திச் சட்டத்தை மீறிய ஒட்டுக்கேட்பு இது என்று கரோனர் தரப்பு வாதாடியது. பேசுகிறவர்களில் ஒருவரே சம்மதித்துப் பதிவு செய்யும்போது அது ஒட்டுக்கேட்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பாவிக் குடிமக்களின் தொலைபேசிப் பேச்சை அத்துமீறலிலிருந்து நீதிமன்றங்கள் காக்கும் என்றும், அந்தப் பாதுகாப்பு குற்றவாளிகளுக்கான கேடயம் இல்லை என்றும் அதே தீர்ப்பு சேர்த்துச் சொன்னது.

இப்போது இன்னொரு காட்சி. மனைவி தன் அம்மாவிடம் பேசுகிறார். கணவர் அந்த அழைப்பில் இல்லை. ஆனால், அவர் பொருத்திய கருவி எல்லாவற்றையும் பதிவு செய்கிறது. இப்படி ஒரு வழக்கு ஆந்திர உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. பெற்றோரிடமும் தோழிகளிடமும் மனைவி பேசியதைக் கணவர் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தது சட்டவிரோதம், அந்தரங்க உரிமை மீறல் என்று நீதிமன்றம் சொன்னது. கணவர் என்பதற்காகச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை.

நீங்கள் இல்லாத பேச்சுக்குள் காது வைப்பது, இன்னொருவரின் போனில் உளவு ஆப் போடுவது, அழைப்பை இடைமறிப்பது எல்லாம் குற்றத்தின் எல்லைக்குள் வருபவை. அரசாங்கமேகூட நினைத்தபோது ஒட்டுக்கேட்க முடியாது. அதற்கு என்னென்ன கட்டுப்பாடு வேண்டும் என்று 1996 டிசம்பரில், மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. அரசுக்கே கடிவாளம் இருக்கும்போது தனிமனிதருக்கு இல்லாமல் போகுமா?

---

▣ எந்தச் செயலுக்கு என்ன தண்டனை?

● அழைப்பைச் சட்டவிரோதமாக இடைமறித்தல்: தொலைத்தொடர்புச் சட்டம் 2023, பிரிவு 42. மூன்று ஆண்டுகள் வரை சிறை அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

● அனுமதியின்றி இன்னொருவரின் போனுக்குள் நுழைந்து தகவல் எடுத்தல்: தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 66. மூன்று ஆண்டுகள் வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

● ஒரு பெண்ணின் போன், மின்னஞ்சல், இணையப் பயன்பாட்டைக் கண்காணித்தல்: பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 78. முதல் முறை மூன்று ஆண்டுகள் வரை, மறுமுறை ஐந்து ஆண்டுகள் வரை சிறை.

● பதிவைக் காட்டிப் பணம் பறித்தல்: அதே சன்ஹிதா, பிரிவு 308. ஏழு ஆண்டுகள் வரை சிறை.

● பெயரைக் கெடுக்கும் நோக்கில் பரப்புதல்: அதே சன்ஹிதா, பிரிவு 356, அவதூறு. இரண்டு ஆண்டுகள் வரை சிறை அல்லது அபராதம் அல்லது சமூக சேவை.

---

படுக்கையறையிலிருந்து நீதிமன்றத்துக்கு...

2025 ஜூலை தீர்ப்பின் கதை பஞ்சாபின் பட்டிண்டாவில் தொடங்குகிறது. 2009-ல் திருமணம், 2017-ல் விவாகரத்து வழக்கு. மனைவியோடு 2010-லும் 2016-லும் பேசியவற்றின் பதிவுகளை மெமரி கார்டு, சி.டி., எழுத்து வடிவம் என்று கணவர் தாக்கல் செய்தார். குடும்ப நீதிமன்றம் ஏற்றது. பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் மறுத்தது. மனைவிக்குத் தெரியாமல் எடுத்தது அந்தரங்க மீறல் என்பது ஒரு காரணம். எந்தச் சூழலில், எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் வரவழைக்கப்பட்டது என்று தெரியாது என்பது இன்னொரு காரணம்.

நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கணவன் மனைவி பேச்சுக்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் 122-வது பிரிவு பாதுகாப்புத் தந்தது. ஆனால், அவர்களுக்கிடையிலேயே வழக்கு நடந்தால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று அதே பிரிவு விலக்கும் தந்தது. போனில் பதிவான பேச்சு, ஒட்டுக்கேட்ட சாட்சியைப் போன்றதுதான் என்றது அமர்வு. இப்படிச் சாட்சியத்தை அனுமதித்தால் வீட்டுக்குள் உளவு பெருகும் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றால், அந்த உறவு ஏற்கெனவே உடைந்துவிட்டது என்பதன் அறிகுறியே அது என்றார்கள் நீதிபதிகள்.

இதற்குச் சுமார் எட்டரை மாதங்களுக்கு முன், 2024 அக்டோபர் இறுதியில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் நேர் எதிர்த் திசையில் ஒரு தீர்ப்பு எழுதியிருந்தார். பரமக்குடி நீதிமன்றத்தில் நடந்த விவாகரத்து வழக்கு அது. மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்துத் தாக்கல் செய்திருந்தார் கணவர். தம்பதியருக்கு இடையிலும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறிப் பெற்ற சாட்சியம் ஏற்கத்தக்கதல்ல என்றார் நீதிபதி. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்ததன் தொடர்ச்சியாக அந்தத் தீர்ப்பு வரவேற்கப்பட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அந்த நிலைப்பாடு பலம் இழந்திருக்கிறது.

நடைமுறையில் இதன் விளைவு என்ன? இரண்டு பக்கமும் இருக்கிறது. நான்கு சுவருக்குள் அடிவாங்கும் பெண்ணுக்குச் சாட்சி சொல்ல ஆள் கிடையாது. கணவரின் மிரட்டலைப் பதிவு செய்த செல்போனே அவருக்கு ஒரே சாட்சி. அவருக்கு இந்தத் தீர்ப்பு ஒரு பிடிமானம். இன்னொரு பக்கம், பல வீடுகளில் மனைவியின் போனை வாங்கிக் கொடுத்தவரும் அதன் பாஸ்வேர்டை வைத்திருப்பவரும் கணவரே. பதிவு ஓடுகிறது என்று தெரிந்தவர் நிதானமாகப் பேசுவார். தெரியாதவரைச் சீண்டிவிட்டு, அவர் கொட்டும் கோபத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வார். பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் எழுப்பிய இந்தக் கவலைக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு விடை கிடைத்துவிடவில்லை. குறுக்கு விசாரணையில் அதைப் பிரித்துக் காட்டும் சுமை, பதிவு செய்யப்பட்டவரின் தலையில் ஏறியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படுக்கையறையில் கணவர் வைத்த கேமராவில், மனைவி தோழியிடம் பேசியது பதிவான வழக்கு 2020-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. சாட்சியமாக ஏற்கலாம் என்றது நீதிமன்றம். ஆனால், தவறான வழியில் அதைப் பெற்றவர் அதற்கான சட்ட விளைவுகளிலிருந்து தப்பிவிட மாட்டார் என்பதையும் தெளிவாக்கியது. பதிவு வழக்கை ஜெயித்துக் கொடுக்கலாம். அதே பதிவு அதை எடுத்தவர் மீது எஃப்.ஐ.ஆருக்கும் காரணமாகலாம்.

எளியவரின் ஆயுதம்

குடும்ப வழக்குகளை விட்டு வெளியே வந்தால், ரகசியப் பதிவின் இன்னொரு முகம் தெரிகிறது. 2018-ல் அருப்புக்கோட்டைக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர், மாணவிகளைத் தவறான பாதைக்கு அழைத்த போன் உரையாடலின் பதிவு தமிழ்நாட்டையே உலுக்கியது. அந்த ஆடியோ இல்லாவிட்டால் அந்த மாணவிகளின் புகார் எத்தனை படி ஏறியிருக்கும் என்பது சந்தேகமே. 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அந்தப் பேராசிரியைக்குப் பத்து ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்தது.

மகாராஷ்டிராவின் பாத்தர்டியில் ஒருவர், காவல் நிலையத்தில் போலீஸாரோடு நடந்த உரையாடலைப் பதிவு செய்தார். போலீஸார் அவர் மீது அலுவல் ரகசியச் சட்டத்தையே பாய்ச்சினார்கள். எதிரி நாட்டுக்கு உளவு சொல்பவர்களுக்கான சட்டம் அது! காவல் நிலையம் அந்தச் சட்டம் சொல்லும் ‘தடை செய்யப்பட்ட இடம்’ அல்ல என்று கூறி, 2024-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அந்தக் குற்றச்சாட்டை ரத்து செய்தது.

லஞ்சம் கேட்பவரின் பேச்சைப் பதிவு செய்வதும் இந்த வரிசையில் வரும். ஆனால், இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 2018-ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாள்களுக்குள் புகார் செய்தால் மட்டுமே தப்பிக்கலாம். பணத்தைக் கொடுத்துவிட்டு ஆதாரத்தைப் போனில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர், தனக்கு எதிரான சாட்சியத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறார். கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போவதே பாதுகாப்பு.

‘ஸ்டிங் ஆபரேஷன்’ ஆர்வலர்களுக்கும் எச்சரிக்கை உண்டு. நடக்கும் குற்றத்தைப் பதிவு செய்வது வேறு. பணத்தை நீட்டி ஆசைகாட்டி, குற்றத்தை நடக்கவைத்துப் பதிவு செய்வது வேறு. 2003-ல் ஒன்றிய இணை அமைச்சர் ஒருவர் பணம் வாங்கும் காட்சி வெளியான விவகாரத்தில், ஸ்டிங் நடத்தியவர்களும் விசாரணையைச் சந்தித்தே ஆக வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கோர்ட்டா, வாட்ஸ்அப்பா?

பதிவு செய்ததைவிட, அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் பலர் மாட்டுகிறார்கள். நீதிமன்றத்திலோ காவல் நிலையத்திலோ, அலுவலகத்தின் புகார்க் குழுவிலோ கொடுத்தால் அது ஆதாரம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அதே பதிவு அவதூறு வழக்குக்கு வழிவிடும். ‘சொன்னதைச் செய், இல்லாவிட்டால் வெளியிடுவேன்’ என்று அனுப்பினால் மிரட்டல். பணமும் கேட்டால் பணம் பறிப்பு. குற்றம் சாட்ட வந்தவர் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது இப்படித்தான்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, பதிவு செய்யப்பட்டவருக்குத் துணை நிற்குமா? சொந்த, வீட்டுத் தேவைக்காகத் தனிநபர் கையாளும் தகவலுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று விலக்கு அளித்திருக்கிறார்கள். நிறுவனங்களை நோக்கி எழுதப்பட்ட சட்டம், பக்கத்து நாற்காலிக்காரரின் போனைக் கண்டுகொள்ளவில்லை.

தொழில்நுட்ப நிறுவனங்கள் ஓரளவு கதவை மூடப் பார்த்தன. வெளி ஆப்கள் அழைப்பைப் பதிவு செய்யும் குறுக்குவழியை 2022 மே மாதம் கூகுள் அடைத்தது. அதன் போன் ஆப்பில் பதிவைத் தொடங்கினால் எதிர்முனைக்கும் அறிவிப்பு கேட்கும். 2024-ல் ஐபோனுக்கு வந்த பதிவு வசதியிலும் அறிவிப்பு உண்டு. ஆனால், ஒரு போனில் ஸ்பீக்கரைப் போட்டு இன்னொரு போனில் பதிவு செய்கிறவரை எந்த அறிவிப்பு தடுக்கும்?

“அது என் குரலே இல்லை!”

பதிவு வெளியானதும் வரும் முதல் பதில் இது. குரலை அச்சு அசலாக உருவாக்கும் ஏ.ஐ. கருவிகள் வந்துவிட்ட பிறகு, உண்மையான பதிவையும் போலி என்று தள்ளிவிட முடிகிறது. போலியையும் உண்மை என்று நம்பவைக்க முடிகிறது.

மணிப்பூரின் முன்னாள் முதல்வர் பிரேன் சிங் பேசியதாகச் சொல்லப்பட்ட ஆடியோக்கள் நல்ல உதாரணம். 93 சதவிகிதம் அவர் குரலோடு ஒத்துப்போகிறது என்றது ஒரு தனியார் ஆய்வகம். உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி ஆராய்ந்த தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகமோ, அந்தத் துண்டுகள் திருத்தப்பட்டவை, குரல் ஒப்பீட்டுக்கே தகுதியற்றவை என்று 2025-ல் அறிக்கை கொடுத்தது. ஒரு மாநிலத்தின் அரசியலை அசைத்த ஆடியோவுக்கே இந்தக் கதி என்றால், வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த குடும்பச் சண்டை ஆடியோ என்ன ஆகும்?

பேசியவர் இவர்தான் என்று அடையாளம் காட்ட வேண்டும், வெட்டி ஒட்டவில்லை என்று நிரூபிக்க வேண்டும், பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும், வழக்குக்குத் தொடர்புடையதாக இருக்க வேண்டும், பத்திரமாகக் காக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் நிபந்தனைகள் விதித்திருக்கிறது. சந்தேகம் வந்தால், குற்ற வழக்கில் குரல் மாதிரி கொடுக்கும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்று 2019-ல் தீர்ப்பானது.

---

▣ பதிவு கையில் இருக்கிறதா? இதைக் கவனியுங்கள்!

● பதிவான போனை விற்காதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். மூலப் பதிவுக்குத்தான் முதல் மதிப்பு. கருவியின் சொந்தக்காரரே அதை நீதிமன்றத்தில் காட்டிச் சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்பது 2020 தீர்ப்பு.

● நகல் கொடுத்தால், பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இதில் இரண்டு பகுதிகள். ஒன்றில் நீங்களும் மற்றொன்றில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும்.

● சான்றிதழில் ‘ஹேஷ்’ எண் கேட்கப்படும். கோப்பில் ஒரு நொடியை வெட்டினாலும் இந்த எண் மாறிவிடும்.

● சாதகமான பகுதியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். முழு உரையாடலையும் வையுங்கள். தேதி, நேரம், இடத்தைக் குறித்து வையுங்கள்.

● வக்கீலைப் பார்ப்பதற்கு முன் யாருக்கும் ஃபார்வேர்டு செய்யாதீர்கள்.

---

வெளியே எப்படி?

அமெரிக்க ஒன்றியச் சட்டத்துக்குப் பேசுகிறவர்களில் ஒருவரின் சம்மதம் போதும். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். கிளின்டன் - மோனிகா விவகாரத்தில் தோழி மோனிகாவின் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்த லிண்டா ட்ரிப் மீது, எல்லோர் சம்மதமும் கேட்கும் மேரிலாந்து மாநிலம் 1999-ல் குற்றம் சாட்டியது. அடுத்த ஆண்டு அந்த வழக்கு கைவிடப்பட்டது. ஜெர்மனியில் அனுமதியின்றித் தனிப்பட்ட பேச்சைப் பதிவு செய்தால் மூன்று ஆண்டுகள் வரை சிறை. தென்கொரியாவில், தான் பங்கேற்கும் பேச்சைப் பதிவு செய்யலாம். தான் இல்லாத பேச்சைப் பதிவு செய்தால் பத்து ஆண்டுகள் வரை சிறை.

இந்த நாடுகள் எந்தப் பக்கம் நின்றாலும், கோடு எங்கே என்று சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கின்றன. நாமோ ஒவ்வொரு வழக்காக, ஒவ்வொரு நீதிமன்றமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நாடாளுமன்றம் எழுத வேண்டிய பதில்

ரகசியப் பதிவை ஒட்டுமொத்தமாகத் தடை செய்தால் முதலில் வாயடைக்கப்படுவது லஞ்சம் கேட்கப்பட்டவரும், அடிவாங்கிய மனைவியும், மிரட்டப்பட்ட மாணவியும்தான். கட்டுப்பாடே இல்லாமல் விட்டாலோ, வீட்டிலும் அலுவலகத்திலும் யாரும் யாரிடமும் மனம்விட்டுப் பேச முடியாது. அதனால் சட்டம் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தனக்கு இழைக்கப்படும் குற்றத்தையும், கடமையில் இருக்கும் அரசு ஊழியரின் அத்துமீறலையும் பதிவு செய்பவருக்குப் பாதுகாப்பு. தான் இல்லாத பேச்சை ஒட்டுக்கேட்பவர் கணவரானாலும் மனைவியானாலும் தண்டனை. பொதுநலன் எதுவும் இல்லாமல் தனிப்பட்ட பேச்சைப் பரப்புவது, உண்மையான பதிவாகவே இருந்தாலும் குற்றம்.

அந்தச் சட்டம் வரும்வரை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு அநீதி நடக்கிறதா? பயப்படாமல் பதிவு செய்யுங்கள், உரிய இடத்தில் கொடுங்கள். நீங்கள் இல்லாத பேச்சுக்குள் நுழையாதீர்கள். கையில் இருக்கும் பதிவை வாட்ஸ்அப்பில் ஏற்றாதீர்கள். அதற்கான இடம் நீதிமன்றம்.